நடுவர் நாற்காலியில் என் மாமா

எட்டாம் வகுப்பிலேயே நாட்டின் நீதித்துறையைச் சீர்திருத்தக் கிளம்பியவன் நான். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுப்பதா, அரசு தேர்ந்தெடுப்பதா என்று டெல்லியில் பெரியவர்கள் முட்டிக்கொண்டிருந்த சமயம் அது. தென்காசியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அதே தலைப்பில் சிறுவர் பட்டிமன்றம் வைத்தார்கள். நன்றாகப் பேசுகிறவரைத் திருநெல்வேலிப் போட்டிக்கு அனுப்புவார்கள். போகப்போவது நான்தான் என்று வகுப்பில் ஏற்கெனவே அறிவித்திருந்தேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. விழாக் குழுவில் அப்பா. அப்பா அமர்த்திய நடுவர், வீரகேரளம்புதூரில் வக்கீலாக இருந்த என் தாய்மாமா. சாரல் விழுந்தால் குற்றாலக் குளியலுக்கென்று வந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்குவார். பட்டிமன்றத்தன்று மதியம் அம்மா அவருக்குப் பிடித்த சொதியும் இஞ்சித் துவையலும் வைத்தாள். பரிமாறும்போது, "ஏலே, புள்ளயப் பாத்துக்கிடு" என்றாள்.

"சொதி நல்லாருக்குக்கா" என்றார் மாமா. அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மேடையில் நான் அரசின் கட்சி. "யார் நியமித்தால் என்ன? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நல்ல நீதிபதி மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்படுவார்" என்று முழங்கிவிட்டு, மாமாவைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

எதிர்க்கட்சி மருந்துக்கடைக்காரர் மகள். அவள் முழங்கவில்லை. அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய மூத்த நீதிபதிகளைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கிய பழைய கதையையும், தாண்டப்பட்டவர்கள் பதவியை விட்டே விலகியதையும் நிதானமாகச் சொன்னாள். "அதைப் பார்த்த பிறகு அடுத்தவருக்குப் பேனா ஓடுமா?" என்று கேட்டாள். எனக்கு இதெல்லாம் புதுச் செய்தி. தயாரிக்க வேண்டிய நேரத்தை நான் ஐந்தருவியில் கழித்திருந்தேன்.

மாமா அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "உக்கார வச்ச அத்தானுக்கும் மரியாத இல்ல, சோறு போட்ட அக்காவுக்கும் மரியாத இல்ல. நல்லாருக்குலே ஒன் நியாயம்."

"விடுட்டி. டெல்லிக் கோர்ட்டு ஜட்ஜுன்னு நெனப்பு மாப்ளைக்கு" என்றார் அப்பா.

மாமா ஈரத்துண்டைப் பையில் திணித்தார். வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. நான் அழுதுகொண்டே பஸ் நிறுத்தம் வரை பின்னால் போனேன்.

"பெறவு ஏன் மாமா அவளுக்குக் குடுத்தீய?"

"அவ நல்லா பேசுனால்லா." பஸ்ஸில் ஏறிக்கொண்டு திரும்பினார். "ஆனா மருமவனே, நீ சொன்னதுதாம்லே சரி."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

அவள் திருநெல்வேலியில் பரிசு வாங்கினாள். நான் போயிருந்தால் மாவட்டமே சிரித்திருக்கும். மாமாவுக்கு அந்த வகையில் முதல் நன்றி. அம்மா அடுத்த சாரல் வரை அவரோடு பேசவில்லை. அப்பா போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன மனிதர். நான் மேடையில் கத்தியதை நானே நம்பவில்லை. அதை நம்பிய ஒரே ஆள் அந்த பஸ்ஸில் ஏறிப் போகிறார் என்பது, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற எனக்கு அன்று தெரியவில்லை.