அழைப்பின்றி நுழையாத கேப்டன்

ஒரு போர்க்கப்பலின் கேப்டனுக்கு, அந்தக் கப்பலில் ஒரே ஓர் அறைக்குள் மட்டும் தம் விருப்பப்படி நுழைய உரிமை கிடையாது. அது அதிகாரிகளின் உணவறை. அவர் யாரையும் காவலில் வைக்கலாம். கப்பலை எந்தத் திசையிலும் திருப்பலாம். அந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் அவர் ஒரு விருந்தாளி. உள்ளே இருப்பவர்கள் அழைத்தால் போகலாம். அழைக்காவிட்டால் தம் அறையில் தனியே உண்ண வேண்டியதுதான். பிரிட்டிஷ் கடற்படையில் இந்த வழக்கத்தை மீறிய கேப்டன் உண்டென்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

'வின்ட்டர்போர்ன்' என்னும் சிறிய காவற்கப்பலுக்கு ஹெட்லி பெங்கெல்லி கேப்டனாக வந்து, ஓர் இலையுதிர்காலமும் பாதிக் குளிர்காலமும் கழிந்துவிட்டன. அழைப்பு வரவில்லை.

வராததன் காரணம் தமக்குத் தெரியும் என்றே அவர் நம்பினார். டெவன்போர்ட் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தவரின் மகன் அவர். தாயார், கடற்படை அதிகாரிகளின் சட்டைக் காலர்களை வெளுத்துக் கஞ்சி போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். பதினைந்து வயதில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்த பெங்கெல்லி, முதல் உலகப் போரில் வடகடலில் நடந்த ஒரு சண்டையின்போது, தம் பீரங்கி மேடையில் தீப்பிடிக்கவே, வெடிமருந்துப் பெட்டிகளை வெறுங்கையால் தூக்கிக் கடலில் எறிந்தார். உள்ளங்கைகளில் தழும்பு நிலைத்தது. அந்தத் துணிவைப் பாராட்டிக் கடற்படை அவருக்கு அதிகாரித் தேர்வு எழுத வாய்ப்பளித்தது. பகலில் பீரங்கி துடைத்து, ஓய்வு நேரத்தில் கணிதம் படித்துத் தேறினார்.

அதிகாரியாகி வீட்டுக்கு வந்த நாளில், தாயார் அவருடைய காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"கஞ்சி பத்தல. எவடா இதை வெளுத்தது?"

அவள் வாழ்த்து அவ்வளவுதான். ஆனால் அன்று மாலைக்குள் தெரு முழுவதற்கும் செய்தி தெரிந்திருந்தது. சொன்னது அவர் இல்லை.

அதன்பின் அவருக்குக் கிடைத்தவையெல்லாம் கடலில் கண்ணிவெடிகளை வாரி அகற்றும் சின்னஞ்சிறு கப்பல்கள். வசதியில்லாத அந்தக் கப்பல்களை வேறெவரும் கேட்டு வாங்குவதில்லை. அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி அதிகாரிகளைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய ஆண்டுகளில், அவர் தப்பியதும் அதனால்தான். எனினும் நாற்பது வயதைத் தாண்டியபோது, பதவி உயர்வுக்கான காலம் முடிந்துவிட்டது. ஓய்வுபெற்றுக் கோழி வளர்க்கப் போவதாக மனைவி லவ்டேயிடம் சொன்னார்.

"நீயா? தினம் காலைல கோழிங்களை வரிசையா நிக்க வெப்ப. அதுங்க பயத்துல முட்டை போடறதையே மறந்துடும்" என்றாள் அவள்.

மறு ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டு, கோழிகளைக் காப்பாற்றியது. முதலில் கரையில் ஒரு மேசை வேலை. பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், வின்ட்டர்போர்ன்.

கப்பலில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் லெப்டினன்ட் ஆலிவர் ஃபேன்ஷா. அவருடைய தந்தையும் பாட்டனாரும் அட்மிரல்கள். வேலையில் குற்றம் சொல்ல இடமில்லை. பேச்சில் மரியாதை குறைந்ததில்லை. அந்த மரியாதைதான் பெங்கெல்லிக்கு உறுத்தியது. கேப்டனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஸ்பார்கோ, அவர் மாலுமியாக இருந்த காலத்தில் அவரோடு ஒரே மேசையில் உண்டவன். ஆகையால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"உள்ள வாத்து வறுவல் சார். வாசனை இங்க வரைக்கும் வருது. உங்களுக்கு வழக்கம்போல ஆட்டுக்கறி, தன்னந்தனியா."

"தட்டை வெச்சிட்டுப் போ."

"ஒரு தடவை கதவைத் தட்டி, எலி பிடிக்க வந்தேன்னு சொல்லிப் பாருங்களேன்."

"நான் தட்டித் திறந்தா, அதுக்குப் பேரு அழைப்பு இல்ல ஸ்பார்கோ. அவங்களா கூப்பிடணும்."

நிலக்கரி சுமந்தவரின் மகனாக அல்ல, பழைய மாலுமியாகவும் அல்ல, அவர்களின் கேப்டனாக அந்த மேசையில் ஒருமுறை அமர வேண்டும். வேறெந்தப் பதக்கத்தையும் அவர் விரும்பவில்லை.

ஜனவரி மாதத்தில், அயர்லாந்துக்கு மேற்கே, அவர்கள் காத்துவந்த வணிகக் கப்பல் கூட்டத்தில் 'கேரன்மூர்' என்ற எண்ணெய்க் கப்பலின் பின்புறத்தை எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தாக்கியது. இயந்திரம் செத்துவிட்டது. முன்பக்கத் தொட்டிகளும் அவற்றிலிருந்த எண்ணெயும் தப்பின. மற்றக் கப்பல்கள் நிற்காமல் சென்றன. வின்ட்டர்போர்னுக்கு மட்டும் உத்தரவு வந்தது: இழுத்துவர முடிந்தால் இழுத்து வா. முடியாவிட்டால் ஆட்களை ஏற்றிக்கொண்டு மூழ்கடித்துவிடு.

தீக்காயம் பட்டவர்களை முதலில் படகில் கொண்டுவந்து, பெங்கெல்லி தம் அறையிலேயே படுக்கவைத்தார். மேல்தளத்துக்கு அடியில் அவர் தலைசாய்க்கும் சிறு அறையையோ ஓர் அலை அடித்து நொறுக்கியிருந்தது.

"சார், நீர்மூழ்கி பக்கத்துலயே இருக்கலாம். மிச்ச ஆளுங்களையும் ஏத்திட்டு மூழ்கடிச்சிடலாமா?" என்று ஃபேன்ஷா கேட்டார்.

"அந்த எண்ணெய் இல்லாம அடுத்த கூட்டத்துக்கு யாரு காவல் போறது? நார்க்கயிற்றை எடுங்க ஃபேன்ஷா. பின்தளம் உங்க பொறுப்பு."

எஃகு வடம் நீரில் மூழ்கும். தேங்காய் நாரில் திரித்த தடித்த கயிறு மிதக்கும். அதன் நுனியில் காலிப் பீப்பாயைக் கட்டி மிதக்கவிட்டு, செயலிழந்த கப்பலைச் சுற்றி இழுத்துச் செல்ல வேண்டும். அங்குள்ளவர்கள் கொக்கி வீசிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால், அதன் மறுமுனையில் கட்டிய வடம் அவர்களிடம் போய்ச் சேரும். சற்றுப் பிசகினாலும் கயிறு தம் கப்பலின் சுழல்விசிறியிலேயே சுற்றிக்கொள்ளும். பிறகு நீர்மூழ்கிக்கு ஒன்றுக்கு இரண்டாக இரை.

மேலே பெங்கெல்லி கப்பலைக் கையிலுள்ள கோப்பை போலத் திருப்பினார். பின்தளத்தில் ஃபேன்ஷா, தளத்தின் மேல் புரண்ட இடுப்பளவு நீரில் நின்று, கயிறு விசிறியை நெருங்கும்போதெல்லாம் கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்த கணமே இயந்திரம் நின்றது. ஒருவர் மனத்தை மற்றவர் படித்ததுபோல் இருந்தது. இரண்டு சுற்றுகள் வீணாயின. மூன்றாவதில் கேரன்மூரின் முன்தளத்திலிருந்து ஓர் ஆரவாரம் எழுந்தது, கொக்கி பிடித்துவிட்டது.

மனிதன் நடக்கும் வேகத்தைக் காட்டிலும் மெதுவாக, அந்தப் பெருஞ்சுமை பின்னால் வரத் தொடங்கியது. பெங்கெல்லி மேல்தளத்தை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் காலையில், இளம் அதிகாரி ஒருவர் வற்புறுத்தியபின் கீழே இறங்கினார். இறங்கியவருக்குப் போக இடமில்லை. உணவறைக் கதவுக்கு வெளியே, நடைவழியில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உடையிலிருந்து நீர் சொட்டியது.

ஸ்பார்கோ கோக்கோவோடு வந்து நின்றான். "சார், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியுது."

"எனக்கு இங்கயே சௌகரியமாத்தான் இருக்கு."

"பல்லு தந்தி அடிக்குதே!"

அவ்வேளையில் பின்தளத்திலிருந்து வந்த ஃபேன்ஷா திடுக்கிட்டு நின்றார். "சார்! இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"அழைப்பில்லாம உள்ள போறது வழக்கமில்லையே, ஃபேன்ஷா."

ஃபேன்ஷாவின் முகம் சிவந்தது. "சார்... நாங்க உங்க அழைப்புக்குத்தானே காத்திட்டிருக்கோம்! புதுசா வர்ற கேப்டன் முதல்ல அதிகாரிகளைத் தன் மேசைக்குக் கூப்பிடுவார். அதுக்குக் கைம்மாறாத்தான் நாங்க அவரை விருந்துக்குக் கூப்பிடணும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். நீங்க கூப்பிடவே இல்ல. எங்களைப் பொடிப்பசங்கன்னு ஒதுக்கறீங்கன்னு இன்ஜினியர் சத்தியமே பண்றார்."

பெங்கெல்லி அவரை வெறித்துப் பார்த்தார். கண்ணிவெடி வாரும் கப்பல்களில் கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரே மேசை. அங்கே யாரும் யாரையும் அழைத்ததில்லை. கடற்படையின் நடைமுறைகளையெல்லாம் தேடித்தேடிக் கற்றவருக்கு, இந்த ஒன்றைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தம் பிறப்பைப் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு, அந்த அறையில் ஒருவரும் நினைக்கவே இல்லை.

"இதுக்காகவா நான் இத்தனை மாசம் ஆட்டுக்கறியைத் தனியாத் தூக்கிட்டு அலைஞ்சேன்?" என்றான் ஸ்பார்கோ.

பெங்கெல்லி எழுந்து, தொப்பியை நேராக்கிக்கொண்டார். "ஸ்பார்கோ, சாப்பிட என்ன இருக்கு?"

"டப்பா மாட்டுக்கறி. நமுத்துப்போன பிஸ்கட்."

"தாராளம். லெப்டினன்ட் ஃபேன்ஷா, உங்களையும் மத்த அதிகாரிகளையும் என்னோட சாப்பிட அழைக்கிறேன். இடம் இந்த நடை. நேரம் இப்பவே."

"பெருமையா வர்றோம் சார்."

பணியில் இல்லாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். கால்களை மடக்கி ஈரத் தரையில் அமர்ந்து, ஒரே டப்பாவில் கத்தியை விட்டு எடுத்து உண்டார்கள். எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்த இன்ஜினியர், "விருந்து பிரமாதம் சார், மேசைதான் கொஞ்சம் தாழ்வு" என்றார். கேப்டன் வாய்விட்டுச் சிரித்ததை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

உண்டு முடித்ததும் ஃபேன்ஷா எழுந்து கதவை அகலத் திறந்தார். "சார், உணவறை உங்களை அழைக்குது."

பெங்கெல்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே சென்றார். அடுப்பருகே இருந்த நாற்காலியில் அமர்ந்து கால்களை நீட்டிய சற்று நேரத்தில், மேல்தளத்திலிருந்து குரல் வந்தது: துறைமுகத்தின் இழுவைக் கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது.

அவர் எழுந்தார். விருந்தாளிக்காக அந்த அறையில் எவரும் எழ வேண்டியதில்லை. ஆயினும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.