குகையாட்டத்தில் விட்டுப்போன விதி

பள்ளிக்கூட வாத்தியாராக நான் கொல்லிமலை ஏறிய காலத்தில் ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். போய்ச் சேர்ந்த மாதமே குளிர்காய்ச்சல் பிடித்தது. அதன் அசதி என்னை விட்டு முழுசாகப் போனதே இல்லை. இப்படிப்பட்டவனுக்கு லீவு நாளில் குகை குகையாய் நுழைகிற பைத்தியம் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. உள்ளே போய்விட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குத் துணை வருகிறவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாமை விதைத்திருந்த ஒரு மலைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். குகைக்குள் போகிறவன் வாசலில் பச்சைத் தழை ஒடித்து வைக்க வேண்டும், வெளியே வந்ததும் எடுத்து எறிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தழை கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பொழுது சாயும்போதும் அது அங்கேயே கிடந்தால், பார்த்தவன் உள்ளே போய்த் தேடியே ஆகவேண்டும்.

ஒருநாள் அவருக்குக் காட்டில் வேலை இருந்ததால் தனியாகப் போனேன். மேலே இருந்த வேறொரு பொந்து வழியாக வெளியே வந்தேன். வாசலுக்குச் சுற்றிப்போய்த் தழையை எடுக்க வேண்டும். உடம்பு வணங்கவில்லை. ஓடைக்கரைப் பாறையில் கொஞ்சம் சாய்ந்தவன் தூங்கிப்போனேன். கூச்சல் கேட்டு எழுந்து ஓடினால், அவரைக் குகையிலிருந்து தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். என்னைத் தேடிப் போய்ப் பள்ளத்தில் விழுந்து, தொடை எலும்பு முறிந்திருந்தது. உள்ளே வழி தவறி இப்போதுதான் மேலே ஏறி வந்தேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அவரைப் படுக்கப் போட்டார்கள். அந்த வருஷத்துச் சாமையை அவர் சம்சாரம் ஒருவரே அறுத்தார். பள்ளி விட்டதும் தினமும் போவேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போவேன், வாய் வராது. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாமல், குகையையே ஓர் ஆட்டமாகப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

துணியில் ஒட்டிய, கிழிந்த உலகப்படம் ஒன்று பள்ளியில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் கட்டம் வரைந்தேன். வவ்வால் எச்சத்தில் வழுக்கினால் ஐந்து கட்டம் பின்னால். தவழ்ந்து போகிற சந்தில் ஒன்று விழுந்தால்தான் நகரலாம். தீப்பந்தத்துக்கு எண்ணெயாக ஆளுக்கு முப்பது ஆமணக்கு விதை. ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒன்று போய்விடும். கடைசிக் கட்டம் குகைக்குள் இருக்கும் சுனை. தாயக்கட்டையை அவரே படுத்தபடி செதுக்கினார்.

முதல் ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஏனுங்க வாத்தியாரே, சுனைகிட்டப் போயிட்டா முடிஞ்சுதுங்களா? வெளிய வரவேண்டாமுங்களா?"

சரிதானே என்று திரும்பி வரும் வழியையும் வரைந்தேன். கட்டங்களை அடித்து அடித்து வரைந்ததில் படத்தின் துணி நைந்துபோனது. காய்ச்சல் அடித்த நாளிலும் விடவில்லை. கட்டம் போட்டுக்கொண்டிருக்கும் வரை வேறெதுவும் பேச வேண்டியதில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் என் காய் முதலில் வாசலைத் தாண்டியது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தழை எங்கீங்க?"

"அது விட்டுப்போச்சுங்கண்ணா," என்றேன். "சேத்துக்கலாம். தழையை எடுக்காமப் போனா பத்துக் கட்டம் பின்னால போகணும்."

"அவன் எதுக்குங்க பின்னால போறான்? அவந்தான் வெளிய வந்துட்டானே. அடுத்தவன் காயைப் பள்ளத்துல எறக்கோணும். அதானுங்க சரி."

பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன்.

"அன்னிக்கு என்னையத் தூக்கிட்டு வாரப்போ குனிஞ்சு பாத்தீங்களே," என்றார். "உங்க கன்னமெல்லாம் பாறைத் தடமுங்க. நல்லாத் தூங்கியிருக்கீங்கன்னு அப்பவே தெரிஞ்சுது."

வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை. இத்தனை மாதமும் நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

"எழுதுங்க சாமி," என்றார். "மை காஞ்சிரப்போவுது."