இரவல் காலுக்கு வந்த நோய்

இருபத்து மூன்று வயதுக்குள் டெல்மோ செய்ஷாஸை ஐந்து முறை இரவல் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைகளில் அப்படித்தான் போடுவார்கள், கூச்சமே இல்லாமல்: "இந்த ஆண்டு இரவலில் போனவர்கள்." கீழே பெயர்ப் பட்டியல். பெரிய கால்பந்து கிளப் தன் ஆட்டக்காரனைச் சின்ன கிளப்பில் ஒரு வருடம் ஆட விடும். ஜூன் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஊரில் யாருக்கும் அது உறுத்தியதில்லை. அவன் அம்மா லுதொவீனாவுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"நான் பெத்த புள்ளடா நீ. பக்கத்து வீட்டு ஏணியா? வாங்குறவன் கீறல் போட்டுத்தானே திருப்பித் தருவான்?"

மாத்தோசின்யோஷ் துறைமுகத்துக்குப் பின்னால் மத்தி மீன் டப்பா ஆலையில் அவளுக்கு வேலை. டெல்மோவுக்குப் பதினோரு வயதானபோது அலியான்சா கிளப்பின் ஆள் வீடு தேடி வந்து, இடது காலால் இவ்வளவு சுத்தமாகப் பந்து அடிக்கிற பிள்ளையைப் பார்த்ததில்லை என்றான். அவனைத் தங்கள் விடுதிக்கு அழைத்துப் போனார்கள். பதினான்கில் மளமளவென்று வளர்ந்தவனை ஓரத்திலிருந்து நடுத் தடுப்பாட்டக்காரனாக மாற்றினார்கள். பதினெட்டில் கையெழுத்து வாங்கியபோது கிளப் தலைவர் அவன் தோளில் கை போட்டு, "இவன் எங்க வீட்டுப் பிள்ளை" என்று கேமராக்களைப் பார்த்துச் சொன்னார். வீட்டுப் பிள்ளையை அடுத்த வருடமே ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு மலையூர், பிறகு தெற்கே ஒரு கடலோரம், திரும்ப அதே தீவு. எல்லாமே இரண்டாம் பிரிவு. ஒவ்வொரு ஜூலையும் அலியான்சாவுக்குத் திரும்பிப் பத்து நாள் பயிற்சி எடுப்பான். பதினோராம் நாள் ஒருவர் காபி வாங்கிக் கொடுத்து அதே வசனத்தைச் சொல்வார்: "பெரிய ஆட்டக்காரங்களுக்கு எதிரே உன்ன நாங்க இன்னும் பாக்கலப்பா."

பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாட்டையும் அவர்களேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாவது இரவல் மொன்டால்வோவுக்கு. கல் குவாரி ஊர். கிளப்பும் சின்னதுதான், ஆனால் முதல் பிரிவு. அங்கே டெல்மோ ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவன் கத்தமாட்டான், கையை ஆட்டமாட்டான். பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொள்வான், அவ்வளவுதான். ஏப்ரலுக்குள் ஒரே ஓர் ஆட்டம் தவிர அத்தனையும் ஆடியிருந்தான். நவம்பரில் அலியான்சாவுக்கு எதிரே அவர்கள் மைதானத்தில் நடந்த முதல் சுற்று ஆட்டம் அது. அந்த வாரம் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஹெர்மீனியோவின் காபிக்கடையில் அவனை யாரும் டெல்மோ என்றே கூப்பிடுவதில்லை. "நம்மாளு வந்தாச்சு, ஒரு காபி போடு" என்பார்கள். பன்னிரண்டு வருடமாக விடுதியிலும் வாடகை அறையிலும் கிடந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை எப்படி இருந்திருக்கும்!

மறு சுற்றில் அலியான்சா மொன்டால்வோவுக்கு வருகிறது. ஞாயிறு மாலை நான்கு மணி. பெரிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே அவனைப் பார்க்க வேண்டும் என்றவர்கள் கண்ணெதிரிலேயே ஆடிக் காட்டலாம். லுதொவீனா ஆலையில் முறை மாற்றி வாங்கி, ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். மொன்டால்வோவுக்கும் ஒரு புள்ளியாவது வேண்டும், இல்லையென்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் கோட்டில் நிற்கும்.

புதன்கிழமை காலை மேலாளர் கஸ்பார் அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"டெல்மோ, உனக்குத் தொடையில வலி இருக்கு."

"இல்லையே சார். நல்லாத்தான் இருக்கேன்."

"இருக்குப்பா. இப்பதான் போன் வந்துச்சு."

டெல்மோவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இரவல் கொடுத்த கிளப்புக்கு எதிராக இரவல் ஆட்டக்காரன் ஆடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது, எழுதினால் குற்றம். அதனால் எழுதமாட்டார்கள், போன் செய்வார்கள். அந்த வாரம் பார்த்து அவனுக்குத் தசைவலி வந்துவிடும். மருத்துவ அறிக்கையில் "மியால்ஜியா" என்று அழகாகப் போடுவார்கள். காபிக்கடைகளில் அதற்குப் பெயர் டெலிபோன் நோய். திங்கட்கிழமை தானாகக் குணமாகிவிடும். நாடு முழுக்கத் தெரியும், சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள்.

"எந்தத் தொடை சார்?" என்று கேட்டான் டெல்மோ.

கஸ்பார் ஜன்னலைப் பார்த்தார். "அதெல்லாம் சுல்மீரா பாத்துக்குவா. கோபப்படாதப்பா. நாம மாட்டேன்னா அடுத்த வருஷம் அவங்க நமக்கு ஒருத்தனையும் தரமாட்டாங்க. உன்னையும் எந்த மூலைலயாவது தூக்கிப் போட்டுடுவாங்க."

சுல்மீரா அணியின் பிசியோ. பத்து வருடமாக அந்த ஊர்க் கால்களைப் பிசைந்து பிசைந்து வாய் காரமாகிப் போனவள்.

"இல்லாத வலிக்கு நான் கட்டுப் போடுற ஆறாவது ஆளுடா நீ," என்றாள் கட்டுத்துணியை எடுத்தபடி. "நான் படிச்ச படிப்புக்கு இதான் மரியாதை. சொல்லு, எந்தக் கால்ல கட்டணும்?"

"வலதுல கட்டுங்கக்கா. இடது என் கால்."

ஒரு குறையும் இல்லாத காலைச் சுற்றி அவள் முறுக்கிக் கட்டினாள். அறிக்கையில் தன் கையெழுத்தைப் போட மறுத்துவிட்டாள். கஸ்பாரே போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை டெல்மோ காபிக்கடைக்குப் போனான். வாசற்படி ஏறும்போதே வலது காலை லேசாக இழுத்தான். யாரும் அவனை நொண்டச் சொல்லவில்லை. அவனாகத்தான் நொண்டினான். அதை நினைத்து அவன் பின்னால் எத்தனை முறை கூசிப்போனான் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஹெர்மீனியோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேப்பரைத் தட்டினார். "தம்பி, இங்க இடது தொடைன்னு போட்டிருக்கான். நீ வலத இழுக்குற?"

இடதுகால்காரன் என்பதால் அலியான்சாவே பத்திரிகைக்கு இடது என்று சொல்லிவிட்டிருந்தது. கட்டியவர்களைக் கேட்கவும் இல்லை. கடையே சிரித்தது. டெல்மோவும் சிரிக்கப் பார்த்தான். அதைவிடக் கேவலம், சட்டென்று எடையை வலது காலுக்கு மாற்றி நின்றான். சிரிப்பு இன்னும் பலமானது.

குவாரிக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு, "நம்மாளுன்னு நெனச்சோம்," என்றார். "அவனுக ஆளுதானா நீ?"

டெல்மோ காபி குடிக்காமலே வெளியே வந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுதொவீனா பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையில் சோள ரொட்டியும் பொரித்த மீனும். கால்சட்டைக்குள் புடைத்துத் தெரிந்த கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்ப இது என்ன?"

அவன் சொன்னான். போனிலிருந்து பேப்பர் வரைக்கும், நொண்டியதையும் சேர்த்து. அவள் ரொட்டிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஆலையில கெட்டுப்போன மீனுக்கு நல்லதுன்னு முத்திர குத்தச் சொல்லுவாங்க. நான் குத்தமாட்டேன்னு சண்ட போட்டிருக்கேன். நல்ல மீனுக்குக் கெட்டதுன்னு முத்திர குத்துறத இப்பதான்டா பாக்குறேன். அதுவும் எம்புள்ள மேலயே!" என்றவள், கட்டைத் தொட்டுப் பார்த்து, "நீயும் சேந்து குத்தியிருக்கியே," என்றாள்.

மூன்றே முக்காலுக்கு இரண்டு அணிகளும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. டெல்மோ உடைமாற்றும் அறையிலிருந்து அரைக்கால் சட்டையோடு வெளியே வந்தான். சுல்மீராவின் பெஞ்சுக்கு முன்னால் நின்று கட்டை அவிழ்த்து, மடித்து, அவள் கையில் கொடுத்தான். அவள், "இறுக்கமா கட்டிட்டேன் போல," என்றாள். பிறகு அவன் ஓடினான்.

ஆடுகளத்தின் ஓரக் கோட்டை ஒட்டி, முழு வேகத்தில். கல்வீசும் தூரத்தில் கஸ்பார் முகத்தைப் பொத்திக்கொண்டார். கேலரியில் முதலில் சிரிப்பு, விசில். "டெலிபோன் எடுடா!" என்று எவனோ கத்தினான். அவன் பாதிச் சுற்றை முடித்து அலியான்சா பெஞ்சுக்கு முன்னால் வந்தபோது ஒரு பந்து உயரமாகத் தவறி வந்தது. டெல்மோ எகிறினான். தலையால் அடித்து, அவர்களுடைய கோல்கீப்பரின் கைக்கே நேராக அனுப்பினான். ஒன்பது மாதமாக அந்த ஊர் பார்த்த அதே எகிறல். சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் ஆறாயிரம் பேரும் எழுந்து, "நம்மாளு! நம்மாளு!" என்று கத்தத் தொடங்கினார்கள். குவாரிக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மைதானக் காவலர்கள் இருவர் வந்து அவனை மரியாதையாகவே வெளியே கூட்டிப் போனார்கள்.

ஆட்டத்தை அம்மாவுக்கும் ஹெர்மீனியோவுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தான். எழுபத்தோராம் நிமிடம் அலியான்சாவுக்கு ஒரு கார்னர். பந்து கோலின் தூரக் கம்பத்துக்கு வந்தது. அவன் வழக்கமாக நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. அலியான்சா ஒன்று, மொன்டால்வோ பூஜ்யம். ஹெர்மீனியோ அவன் முழங்காலில் கை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அலியான்சா இரவலை முடித்துக்கொண்டு அவனைத் திரும்ப அழைத்தது. புதன்கிழமை அறிக்கை வந்தது: "ஆட்டக்காரர் டெல்மோ செய்ஷாஸ் தசைக்காயம் காரணமாகக் காலவரையின்றி ஓய்வில் இருப்பார்." பின் மைதானத்தில், யாரும் இல்லாத நேரத்தில், தனியாகப் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். அவன் பெயர் இருந்த அலமாரியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது.

ஆலையின் இடைவேளையில் அம்மா போன் செய்தாள். அவன் அறிக்கையை அப்படியே படித்துக் காட்டினான்.

"இப்ப எந்தக் கால்னு போட்டிருக்கான்?"

அவன் இன்னொரு முறை பார்த்தான். "ஒண்ணும் போடலம்மா."

"அப்ப ரெண்டும் உன்னோடதுதான்," என்றாள் லுதொவீனா. "போய் ஓடு."