விளக்கு இறக்கிய கிணறு

கொசுவைக் கொல்லச் சம்பளம் வாங்கியவர் சுப்பையன். நகரசபை வேலை. முதுகில் தகரக் கலன், கையில் பீச்சுக்குழாய். காஜா பெராங் வட்டாரம் முழுக்கச் சாக்கடை சாக்கடையாக நடந்து மருந்தெண்ணெய் தெளிப்பார். அவரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. காய்ச்சல் குறைந்ததற்கு நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. நகரசபை கொடுத்த லயத்து வரிசை வீடு, மனைவி பொன்னம்மா, ஒழுங்கான வேலைக்காரன் என்ற பேர், இவ்வளவுதான் அவர் சொத்து.

மெர்டேகா, சுதந்திர நாள், வரப்போகிறது என்று ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்த சமயத்தில், லயத்துக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் நாறத் தொடங்கியது. சோறு நாறியது. துவைத்த துணி நாறியது. பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்திலிருந்து தண்ணீர் மொள்ள வந்த பெண் வாளியை முகர்ந்து பார்த்து, "பாவு மினியாக்" என்று மலாயில் முணுமுணுத்து, அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனாள். எண்ணெய் நாற்றமா? அப்படியானால் எண்ணெய்க்காரன் வேலைதான். அதற்குமேல் யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கிணற்றுக்கு மேட்டுப்பக்கம், சாலையோரத்தில், ஒரு பெட்ரோல் கடை கொண்டாட்டத்துக்காகப் புது வர்ணம் பூசிக்கொண்டு நின்றது. அதன் தொட்டி மண்ணுக்கடியில் இருந்ததால் எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

"ஒன் புருஷன் கொசுவுக்கு ஊத்துனாரா, எங்களுக்கு ஊத்துனாரா?" என்று பொதுக் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் கேட்டாள். பொன்னம்மாவின் குடத்தைக் காலால் நகர்த்தி வரிசையின் கடைசிக்குத் தள்ளினாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து பொன்னம்மாவின் இடம் கடைசிதான். அவள் முறை வருவதற்குள் பாதி நாள் குழாய் நின்றுவிடும். சுப்பையனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று லயத்தார் மனுவும் கொடுத்தார்கள். வேலை போனால் வீடும் போகும்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் கெட்டவர் அல்ல. "எனக்கும் அந்தப் பெட்ரோல் கடை மேலதான் சந்தேகம், சுப்பையா. ஆனா கடைக்காரர் ஒரு சொட்டும் கொறையலங்கிறார். தோண்டிப் பாக்க மேலிடம் சரின்னு சொல்லணும். கொண்டாட்டம் முடியட்டும்."

"அதுக்குள்ள எங்கள வெரட்டிப்புடுவாங்களேய்யா."

இன்ஸ்பெக்டர் லயத்தாரின் மனுவை மடித்து மேசை அறைக்குள் வைத்தார்.

சுப்பையனுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கிணற்றை இறைத்து, எந்தப் பக்கம் ஊறுகிறது என்று கண்ணால் பார்ப்பது. மைத்துனன் சேதுபதியும் அவரும் ஒரு ஞாயிறு முழுக்க இறைத்தார்கள். பொழுது சாயும் வேளையில் சுப்பையன் கயிற்றைப் பிடித்து இறங்கினார். சாலைப் பக்கச் சுவர் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அந்த மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். மருந்தெண்ணெய் என்றால் கருப்பாகப் பிசுபிசுக்கும். இது தேய்த்த கையோடு காய்ந்து, மூக்கைத் துளைத்தது.

தலை கிறுகிறுக்க மேலே வந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "பெட்ரோலு, மச்சான்! நம்ம எண்ணெ இல்ல!"

அன்றிரவே போய்ச் சொன்னபோது, காலையில் தன் கண்முன்னால் அந்த மண்ணை எடுத்துக் காட்டினால் எழுதிக்கொள்வதாக இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். அதற்குள் யாராவது, சுப்பையனே பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றினான் என்று சொல்லிவிட்டால்? பழிக்குப் பயந்த மனிதர் கிணற்றைப் பலகைகளால் நெருக்கி மூடி, மேலே சாக்கும் போட்டார்.

விடிந்ததும் பொன்னம்மா வழி மறித்தாள். "நேத்து வெளக்கு எறக்காமலா எறங்குனீங்க? சேது சொன்னான். எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு மறந்துபோச்சா?" அவள் அப்பா, மூவார் தோட்டத்தில் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கி, விஷக்காற்றில் மூச்சுமுட்டிப் போனவர். கிணற்றில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். சுப்பையன் கிணறு வெட்டிகளிடம் கற்ற பாடமும் அதுதான். பொன்னம்மா மண்ணெண்ணெய் விளக்கில் திரியைத் திருத்தி, தானே கொளுத்தி, கையில் கொடுத்தாள்.

சுப்பையன் பலகையை விலக்கினார். விளக்கைக் கயிற்றில் கட்டி, குனிந்து, மெதுவாக உள்ளே விட்டார். சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்த ராஜரத்தினம் அதைப் பார்த்தார். "வெளக்க எடு! எடுய்யா!" என்று கத்தினார்.

கிணறு ஒரே மூச்சில் தீயைக் கக்கியது.

சத்தம் கேட்டு லயமே ஓடிவந்தது. கிணற்றுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுப்பையனைச் சாக்கில் சுற்றித் தூக்கினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. யாரோ பழக்க தோஷத்தில், "எல்லாம் அந்தக் கொசு எண்ணெதான்," என்றார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பினார். "கொசு எண்ணெ இப்படிக் குப்புன்னு வெடிக்காது. இது பெட்ரோல். அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

அதைச் சுப்பையன் கேட்டாரா என்று தெரியாது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இப்போது மேலிடத்து அனுமதி தானாக நடந்து வந்தது. பெட்ரோல் கடைத் தளத்தை உடைத்துத் தோண்டினார்கள். துருவேறிய தொட்டியின் அடியில் ஓட்டை. கிணறு வரைக்கும் மண் நாறிக் கிடந்தது. கிணற்றைத் தூர்த்தார்கள். பொன்னம்மா லயத்திலேயே இருக்கலாம் என்று நகரசபை சொன்னது. மனு கொடுத்தவர்களே அந்தச் சேதியை அவளிடம் வந்து சொன்னார்கள்.

"வெளக்க நான்தான் கொளுத்திக் குடுத்தேன்," என்றாள் அவள்.

துக்கம் முடிந்து அவள் குடத்தோடு குழாயடிக்கு வந்தபோது பெண்கள் மளமளவென்று விலகி வழிவிட்டார்கள். சாரதாம்பாள் பாதி நிறைந்த தன் குடத்தையே எடுத்துவிட்டாள். "நீ பிடிச்சுக்க பொன்னம்மா, மொதல்ல நீ பிடிச்சுக்க," என்று அழுதாள்.

பொன்னம்மா அவளைத் தாண்டி நடந்தாள். வரிசையின் கடைசியில் போய்க் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.