ராத்தாவின் வேகம்

மாட்டுங்கா மைதானத்தில் ஒரு காலைப்பொழுதில் ராத்தா எறிந்த பந்து என் கிளவுஸில் வந்து அறைந்த சத்தம் எனக்கு மறக்கவில்லை. அதற்கு முன் அவளுடைய பந்து அப்படி ஒலித்ததில்லை.

எங்கள் வீடுகளில் அக்காவை ராத்தா என்போம்; அப்பா வாப்பா, அம்மா உம்மா. வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. கல்லூரி பேஸ்பால் அணியில் ராத்தா பிட்சர். அவள் எறிவதைக் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சர் நான். நாங்கள் பழகியது வீட்டுச் சந்தில். காலை எட்டிவைத்தால் சாக்கடையில் விழும் என்பதால், நின்ற இடத்திலிருந்தே கையை மட்டும் சுழற்றி எறிவாள். மைதானத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வேகம் போதாதென்று மாநில அணித் தேர்வில் அவளை ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகு கையை இன்னும் வெறியோடு வீசினாள். தோள்வலியில் சோறு பிசையக்கூடச் சிரமப்பட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் குறை எங்கே என்று தெரிந்தது. "ராத்தா, ஒன் காலு சும்மா நிக்கு. கை மட்டும் கெடந்து பாடுபடுது" என்றேன்.

"நீ பந்தப் புடி, போதும்" என்றாள். மறுநாள் அவளே வந்தாள். "காலு என்ன புள்ள செய்யணும்? சொல்லு."

பின்காலால் தரையை உந்தி, முன்காலைத் தொலைவில் ஊன்றி, இடுப்பைத் திருப்பிய பிறகே கையை விட வேண்டும். கேட்க எளிது. பல வாரங்கள் பந்து என் தலைக்கு மேலே பறந்தது; ஒருநாள் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகுதான் அந்தக் காலைப்பொழுது வந்தது. எறிந்துவிட்டு, தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த தேர்வில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தோளின் தசைநார் முன்பே கிழிந்திருந்தது. மேலும் விளையாடினால் கை பழையபடி ஆகாது என்றார் டாக்டர். உம்மா போகவேண்டாம் என்று அழுதாள்.

"ஒரு தடவ போய்ட்டு வாறேன் உம்மா. பொறவு கேக்க மாட்டேன்."

போனாள். ஒரே ஒரு போட்டித் தொடர். அதன்பின் பந்தைத் தொடவில்லை.

இப்போது கோவண்டியில் இருக்கிறாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. போன பெருநாளுக்குப் போயிருந்தபோது, மொட்டைமாடியில் வைத்து, அந்தத் தொடருக்குப் போனதில் வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "ஆனா அங்க நான் முழுசா எறிஞ்சேன்லா" என்றாள்.

வாளியில் துவைத்த துணிகள் கிடந்தன. கொடி உயரத்தில் இருந்தது. அவள் ஒவ்வொன்றாக உதறித் தந்தாள். நான் வாங்கிப் போட்டேன்.