பெயரை மறைக்கும் கட்டைவிரல்

பார்சல் கைக்கு வந்ததும் பஸ் அக்கா முதலில் செய்கிற காரியம், அதன்மேல் இருக்கும் பெயரைக் கட்டைவிரலால் அமுக்கி மூடுவது. பிறகுதான் ஓரத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறார். "நாப்பத்தொண்ணு" என்று வாய்விட்டுச் சொல்கிறார். அந்த எண் வேனுக்குள் ஏறி வைக்கிறார். இறங்கி வந்து அடுத்ததை எடுக்கிறார், மறுபடியும் கட்டைவிரல். பெயர் நீளமாக இருந்தால் இரண்டு விரல். பெரிய பெட்டி என்றால் முழங்கையை வைத்தாவது மறைத்துவிடுவார். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு, யாரோ தெரிந்தவர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகிறார் என்றுதான் தோன்றும். அது ஒருவகையில் உண்மையும்கூட.

"பேரைப் படிச்சா போச்சு. பேரைப் படிச்சா வீடு ஞாபகம் வரும். வீடு ஞாபகம் வந்தா கை அதும்பாட்டுக்குப் போயிடும்" என்கிறார்.

பார்சல் கிடங்கில் அக்காவுக்கு இது முதல் மாதம். வயது ஐம்பதைத் தொட இன்னும் ஒன்று பாக்கி. காலை ஆறு மணிக்கு பெல்ட் ஓட ஆரம்பிக்கும். பெட்டி, பை, உருளை, உறை என்று அது பாட்டுக்குக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. அக்காவின் பொறுப்பில் மூன்று வேன்கள், பின்கதவைத் திறந்தபடி வரிசையாக நிற்கும்: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. எண்ணைப் பார்த்து ஏற்ற வேண்டியது. இவ்வளவுதான் வேலை. ஒன்பதரைக்கு வேன்கள் கேட்டைத் தாண்டிவிடும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரே ஒருநாள் அந்த பெல்ட் முன்னால் நின்று பார்க்கலாம்.

இதற்கு முன்னால் இருபத்தொரு வருடம் அக்கா பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். எந்தப் பிள்ளை எந்த வீடு, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுப் பாட்டி வாசலுக்கு வரத் தாமதமாகும், எல்லாம் அத்துப்படி. பஸ் எப்போதும் சாலையின் இடது பக்கம்தான் நிற்கும். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளை அக்கா கூட்டிக்கொண்டு கடப்பார். வலது கையை வண்டிகளுக்கு எதிரே நீட்டி, இடது கையைப் பின்னால் விரித்துப் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே அந்தக் கையை எடுப்பார். பள்ளிக்கூடம் பஸ்களை நிறுத்தியதும் எட்டு மாதம் சும்மா இருந்தார். "வீட்ல உக்காந்தா கால் வீங்குது" என்று கிடங்கில் விண்ணப்பம் கொடுத்தார். கால் வீங்கியது ஒரு காரணம். கணவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி வேலைக்குப் போக முடியாமல் இருப்பது இன்னொரு காரணம். அதை அக்கா சொல்வதில்லை.

புது ஆளை முப்பது நாள் பார்ப்பார்கள். வேன் மாற்றி ஏற்றிய பார்சல் சாயங்காலம் சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வரும். மூன்று வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். நாலாவது வந்தால் மறுநாள் வர வேண்டாம். இதையெல்லாம் குறித்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். கிளிப் வைத்த அட்டை ஒன்றை எந்நேரமும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவதால் அவர் பெயர் அட்டைக்காரர். கெட்ட மனிதர் இல்லை. அட்டையில் எழுதிவிட்டால் அதை அழிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

முதல் தப்பு நாலாம் நாள். ஒரே தெரு, எதிரெதிர் வீடுகள், ஒன்று அம்மா வீடு, ஒன்று மகள் வீடு. ஒரு பார்சலில் நாற்பத்தொன்று, இன்னொன்றில் நாற்பத்திரண்டு. எதிரெதிர் வீட்டுக்கு இரண்டு வண்டியா என்று அக்கா இரண்டையும் ஒன்றாக ஏற்றிவிட்டார். நாற்பத்தொன்றின் டிரைவர், பெரிய மீசைக்காரர், சாயங்காலம் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அக்கா, ரோட்டு நடுவுல இடுப்பு உயரத்துக்குச் சுவர் கட்டி ஒரு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் போகணும்னா ரெண்டு மைல் சுத்தணும். அதான் இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் நாப்பத்திரெண்டுக்கு."

இரண்டாவது, இரக்கத்தால் வந்தது. நாற்பத்துமூன்றின் டிரைவருக்கு இடுப்பு வலி. அன்று கனமான பெட்டிகளாகப் பார்த்து அவருக்கே வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை அக்கா மீசைக்காரரின் வேனில் வைத்தார். "அவர் ஆள் திடமா இருக்காரு, தூக்கட்டுமே" என்று அட்டைக்காரரிடமே விளக்கம் சொன்னார். அட்டைக்காரர் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

மூன்றாவது தப்புக்குக் காரணமே கிடையாது. எண்ணைப் பார்த்தார், வாயால் சரியாகச் சொன்னார், கை வேறு வேனில் வைத்துவிட்டது. முந்தைய இரண்டுக்கும் சிரித்த அக்கா, இதற்கு மட்டும் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் கட்டைவிரல் பழக்கம் தொடங்கியது. வீட்டிலும் பயிற்சி. சமையலறை அலமாரியின் மூன்று தட்டுகளுக்கும் வேன் எண் ஒட்டினார். டப்பாக்களுக்கும் கண்டபடி எண் ஒட்டினார். கணவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அக்கா எண்ணைச் சொல்லி அடுக்குவார். மறுநாள் காலை கணவர் டீ போடப் போய்த் தடவித் தடவித் தேடினார்.

"சர்க்கரை எங்க?"

"நாப்பத்துமூணுல."

"ஒரு டீ குடிக்கணும்னா நான் வேனுக்குக் காத்திருக்கணுமா?"

அலுத்துக்கொண்டாலும் அன்று சாயங்காலமும் அவரேதான் டப்பாக்களை இறக்கி வைத்துத் தயாராக நின்றார்.

ஒரு பழக்கத்தை மட்டும் அக்கா பஸ்ஸிலிருந்து அப்படியே கொண்டுவந்திருக்கிறார். வேன் கதவை இழுத்துச் சாத்துவதற்கு முன், உள்ளே ஏறி, குனிந்து, மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பார். "யாராச்சும் தூங்குறாங்களா அக்கா?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்களுக்குத் தெரியாது, பஸ்ஸில் ஒருமுறை ஒரு பிள்ளை அப்படித் தூங்கியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் இறக்கியாகிவிட்டது என்று பஸ் ஷெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கணக்கில் ஒன்று குறைவதாக அக்காவின் மனசுக்குப் பட்டது. கடைசி இருக்கைக்கு அடியில், பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சின்னப் பெண் உறங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அக்கா வைத்த பெயர் தூங்குமூஞ்சி. பள்ளி முடிக்கும்வரை தினமும் அவளைச் சாலையைக் கடத்தி, கேட்டுக்குள் விட்டு, அவள் அம்மா முகத்தைப் பார்த்த பிறகே திரும்புவார்.

இருபத்தொன்பதாம் நாள் அந்தப் பெயர் பெல்ட்டில் வந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. கட்டைவிரல் வருவதற்குள் கண் முந்திக்கொண்டது. முழுப்பெயர், வீட்டு எண், எல்லாம் அவளுடையதுதான். பெட்டியின் பக்கவாட்டில் என்ன பொருள் என்று அச்சடித்திருந்தது: அலாரக் கடிகாரம். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னும் மாறலையாடி நீ" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பக்கத்து பெல்ட்டில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டே பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

வேன் கதவுகளைச் சாத்தியாகிவிட்டது. அன்று மீசைக்காரருக்கு அவசரம். அக்கா குனிந்து பார்ப்பதற்குள் கதவை இழுத்துவிட்டார். அக்கா குழாயடியில் கை கழுவினார். நாளை ஒருநாள், அப்புறம் இந்த வேலை நமக்குத்தான் என்ற நினைப்பு இனித்தது. தூங்குமூஞ்சியின் வீடு மனசுக்குள் வந்தது, அதே சுவர் கட்டிய சாலையில். பச்சைக் கேட், வாசலில் இரண்டு படி. பஸ்ஸிலிருந்து இறங்கி, அவள் கையைப் பிடித்து, சாலையைக் கடந்து...

கடந்து. அப்படியானால் வலது பக்கம். வலது பக்கம் என்றால் நாற்பத்திரண்டு. எண்ணைப் பார்க்காமல் பெட்டியை வைத்ததோ நாற்பத்தொன்றில், பஸ் நிற்கிற பக்கத்துக்குப் போகிற வேனில்.

பக்கத்து பெல்ட்டுப் பெண்ணிடம் சொன்னார். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "விடுங்கக்கா. மீசைக்காரர் நல்ல மனுஷன். கையடக்கப் பெட்டிதானே, சுவரைத் தாண்டிக் குதிச்சுக் குடுத்துட்டு வந்துடுவாரு. நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு. நீங்களே போய் மாட்டிக்காதீங்க."

உள்ளதைச் சொன்னால், அக்கா யோசித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். கணவரின் கறுப்புக் கண்ணாடி நினைவுக்கு வந்தது, எண் ஒட்டிய டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. மீசைக்காரர் குதிப்பார்தான். ஆனால் அவருடைய பட்டியலில் இல்லாத பெட்டி அவர் கண்ணில் படாமலே போகலாம். மூலையில் கிடந்து ஊரெல்லாம் சுற்றும்.

"ஷெட்டுக்குப் போயிடும்டி" என்றார் அக்கா. துண்டைப் போட்டுவிட்டு ஓடினார்.

நாற்பத்தொன்று கேட்டை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அக்கா குறுக்கே போய் வலது கையை நீட்டி நின்றார். மீசைக்காரர் பதறிப்போய் பிரேக் போட்டார். பின்கதவைத் திறந்து அக்கா உள்ளே ஏறினார். குனிந்தார். இரண்டு பெரிய பெட்டிகளுக்கு நடுவில், ஒட்டிக்கொண்டு கிடந்தது அது.

வெளியே வந்தபோது அட்டைக்காரர் அட்டையோடு நின்றிருந்தார். வேன் போகும் வழிக்கு இந்தப் பக்கம் கிடங்கு, அந்தப் பக்கம் அவருடைய அறை. சத்தம் கேட்டு அங்கிருந்து வந்திருந்தார்.

"நாலாவது, சார். நாந்தான் மாத்தி வெச்சேன். எழுதிக்கோங்க" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. கண்ணும் நிறைந்திருந்தது, அதை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அட்டைக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். அதன் முன்சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் பத்தடி இருந்தது.

"திரும்பி வர்ற பார்சலைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க" என்றார் நிதானமாக. "இது இன்னும் போகவே இல்லையே. எதை எழுதறது?"

பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பெட்டியை அக்காவிடமே கொடுத்தார். அக்கா அதைப் பின்னால் காத்திருந்த நாற்பத்திரண்டின் டிரைவர் கையில் வைத்தார். "பச்சைக் கேட்டு. பெல் அடிச்சா சீக்கிரம் வர மாட்டா. நல்லா தட்டுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்ப வந்து கேட்டருகே நின்றார்.

நாற்பத்தொன்று கிளம்பியது. பின்னாலேயே நாற்பத்திரண்டு. வேலை முடிந்த அட்டைக்காரர் தன் அறைக்குப் போகக் காலை எடுத்து வைத்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை தன்னால் பின்னோக்கி விரிந்து, அட்டைக்காரரை அட்டையோடு சேர்த்துத் தடுத்தது. அவர் அந்தக் கைக்குப் பின்னால் நின்றார். நாற்பத்திரண்டு போயிற்று, நாற்பத்துமூன்றும் போயிற்று. இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அக்கா கையை எடுத்தார்.