தொட்டுப் பார்த்தால் அறுபது

"என் கையால ஒரு துணி கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல ஒரு ஆள் கிடையாது."

இந்தப் பிரகடனம் வெளியானது மகளின் கல்யாண விருந்தில். பெண்ணைப் பெற்றவர், கண் கலங்கியிருக்க வேண்டிய நேரத்தில், சாப்பாட்டு மேசை விரிப்பின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். நாடி பார்க்கும் வைத்தியர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். "நாப்பது டிகிரி சூட்டுல போட்டிருக்கான். இது அறுபது கேக்குற துணி, பாவம்" என்று விரிப்புக்காக வருத்தப்பட்டார். எதிரே இருந்த சம்பந்தி வீட்டார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் கிடைத்த பிறகு பிரகடனம் வராமல் இருக்குமா?

பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். ஜன்னல் இல்லாத, ஆவி நிறைந்த அந்த ஹாலில் ஆளுயர மெஷின்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கும். நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவுவார். யாராவது துணி மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தால் கை காட்டி நிறுத்துவார். ஒரு முனையைத் தேய்ப்பார், கண்ணை மூடுவார், "அறுபது" என்பார். கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் நெற்றி சுருங்கும், உதடு லேசாக அசையும், சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். "அறுபது" என்பார்.

கூட வேலை செய்பவர்கள் அவரை 'அறுபது சார்' என்று கூப்பிட்டார்கள். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். அவர்களும் திருத்தவில்லை. லீவு கேட்டால் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

அவருடைய கைராசியைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனாலும் ஒரு சின்ன விஷயம். அந்த அடித்தளத்துக்கு வந்ததெல்லாம் வெள்ளைப் பருத்தித் துணி மட்டும்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. பல பேர் புரண்டு எழுந்த விரிப்பில் வியர்வையும் எண்ணெயும் கிருமியும் இருக்கும்; அதற்கு அறுபது டிகிரி சரியான சூடு. விருந்தாளிகளின் பட்டும் கோட்டும் கம்பளியும் வேறு வாசல் வழியாக வெளியே ஒரு கடைக்குப் போய்வந்தன. ஆக, ஒரே கேள்வி மட்டும் வரும் பரீட்சையில் வருஷா வருஷம் முதல் மார்க் வாங்கியவர் அவர். மேதை என்ற நினைப்பு வந்ததில் என்ன ஆச்சரியம்?

வீட்டில் இந்த மேதைமைக்கு மதிப்பில்லை. மனைவி சின்ன மெஷினில் பெரும்பாலும் முப்பதில்தான் துவைப்பாள். மெல்லிய துணி என்றால் பச்சைத் தண்ணீரில் கையால் அலசுவாள். சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் சின்ன லேபிளை, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படிப்பாள். இது அவருக்குப் பெரிய அவமானம். லேபிள் படிப்பது விரலில் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொடியில் தொங்கும் துணியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: "அழுக்கு போயிருக்கு. ஆனா நம்பிக்கை வரலை."

"நம்பிக்கையைத் தனியா எடுத்து வைங்க. அதை அறுபதுல போட்டுக்கலாம்" என்பாள் அவள், கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே.

மகளுக்கு வாய்த்த மாமியார் பேச்சில் சிக்கனமானவர். கல்யாணமாகிப் போனதிலிருந்து மருமகளிடம் அவர் பேசியதெல்லாம் லைட்டை அணைக்கச் சொல்லித்தான். தன்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மகள் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்து இவளுடைய தோளைச் சாணால் அளந்துவிட்டுப் போனார். குளிர் தொடங்கியபோது ஒரு ஸ்வெட்டரை மடியில் போட்டார். ஆழ்ந்த பச்சைக் கம்பளி, கையால் பின்னியது. "குளிருதுன்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான். மகள் அன்றைக்கு அம்மாவுக்கு போன் போட்டு அரைமணி நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மாமியாரின் பிறந்தநாள் விருந்துக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு, மகள் முந்தின நாள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். அப்பா கையில் டீக் கோப்பை இருந்தது. பருத்திக்கும் மற்றதுக்கும் நூலோட்டம் எப்படி வேறுபடும் என்று அவர் காற்றில் வரைந்து காட்டினார். டீயும் கூடவே வரைந்தது. மகள் போட்டிருந்த ஸ்வெட்டரின் முழங்கைப் பக்கம் காசளவு கறை.

மனைவி பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் துளி ஷாம்பூ போட்டு ஒத்தி எடுத்தால் போய்விடும், கடைக்குப் போய்விட்டு வந்து செய்கிறேன், யாரும் தொடவேண்டாம் என்று சொன்னாள். 'யாரும்' என்று சொல்லும்போது ஒருவரை மட்டும் பார்த்தாள். மகள் அலுப்பில் உள்ளே போய்ப் படுத்தாள்.

வீடு அமைதியானது. ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. ஒரு நிபுணர், ஒரு கறை, குறுக்கே வர ஆளில்லை. பச்சைத் தண்ணீராம், ஒத்தி எடுப்பதாம். காய்ச்சல்காரன் நெற்றியா இது? அவர் ஓரத்தை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடினார். இவ்வளவு மெத்தென்ற துணி அந்த விரல்களுக்குப் பழக்கமே இல்லை. ஆகவே கேஸ் சிக்கலானது என்று புரிந்துகொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தார்.

அறுபது.

துணைக்கு இரண்டு துண்டுகளையும் சேர்த்து மெஷினுக்குள் போட்டு, இருப்பதிலேயே நீளமான ஓட்டத்தில் வைத்தார்.

வெளியே வந்தது ஸ்வெட்டர்தான். கை இருந்தது, கழுத்து இருந்தது, நிறம்கூட அப்படியே இருந்தது. நிறம் போகவில்லை என்பதை அவர் பிற்பாடு பலமுறை எடுத்துச் சொன்னார். ஆனால் நன்றாக வளர்ந்த பூனை ஒன்றுக்குத்தான் அது பொருந்தும், அந்தப் பூனையாலும் கையைத் தூக்க முடியாது. அட்டை மாதிரி விறைத்து, மேசை மேல் தானாகவே நின்றது.

மனைவி வந்து பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மகள் எழுந்து வந்து அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கம்பளியின் தரம் போதாது என்று அவர் ஆரம்பித்தார். "வேண்டாம்ப்பா" என்றாள் மகள். நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போதே மகள் ஏற்பாடு செய்துவிட்டாள். கவனிக்காமல் மெஷினில் போட்டது தான்தான் என்று சொல்லிவிடுவாளாம். கல்யாணத்தில் அப்பா பேசியதைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். அப்பா தலை குனியக் கூடாது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மட்டும் அந்த யோசனையை எல்லாக் கோணத்திலும் அலசிப் பார்த்து, நிர்வாக ரீதியாக அதில் குறை ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

சம்பந்தி வீட்டு ஹாலில் அதே முகங்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவான பெரிய சம்பந்தி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி. இவர்தாம்ப்பா, தொட்டாலே டிகிரி சொல்றவர். உலகத்துலயே ஒரு ஆள் கிடையாதுன்னு சொன்னீங்களே, அதை இவங்களுக்கு ஒருதரம் சொல்லுங்க" என்று புதிதாக வந்திருந்த இருவரைக் காட்டினார். அறுபது சார் சிரித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டும் சொல்லவில்லை. மேசை விரிப்பு பக்கத்தில்தான் இருந்தது. அதையும் தொடவில்லை.

மாமியார் மருமகளின் தோளைப் பார்த்தார். "ஸ்வெட்டர் எங்கே?"

மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நான்தான் அத்தை. யோசிக்காம மெஷின்ல போட்டுட்டேன்."

அந்த அம்மாள் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். பின்னலின் கண்ணி ஒன்றையாவது நகத்தால் கிளப்பப் பார்த்தார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் நூல் எது, கண்ணி எது என்று தெரியவில்லை. பிரித்துத் திரும்பப் பின்னலாம் என்று நினைத்திருப்பார் போல. "பிரிக்கவும் முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை. நான்காக மடிக்கப் பார்த்தார், அது மடியவில்லை. அப்படியே அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு போகிறபோக்கில், யாரும் இல்லாத அடுத்த அறையின் லைட்டை அணைக்கச் சொன்னார்.

மகள் போய் அணைத்தாள். திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த விதத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சம்பந்தி இன்னும் கையை விடவில்லை, புதியவர்கள் இருவரும் ஆவலோடு காத்திருந்தார்கள். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"அவ இல்லை, சம்பந்தியம்மா" என்றார். குரல் அடித்தளத்து மெஷின்களுக்கு நடுவே பழகிய குரல் இல்லை. பக்கத்தில் இருந்த மனைவியே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "நான்தான். அறுபதுல போட்டேன். என் கையாலதான் கெட்டுப்போச்சு."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"தொட்டுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."